டாமி டோர்சி இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: பணமும் நாளும் வீணாகாத வழி

அமெரிக்க ஸ்விங் இசைக்குழுத் தலைவர் டாமி டோர்சியின் டிராம்போனைக் கேட்டு மயங்கியவர்கள், அவர் பெயர் போட்ட தட்டு எது கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அலமாரியைக் கணக்கெடுத்தபோது, 1937 ஜனவரியில் பதிவான 'மரீ' என்ற ஒரே பாட்டு ஐந்து வெவ்வேறு தட்டுகளில் இருந்தது. ஐந்தும் ஒரே வாசிப்பு. அவருடைய சிறு குழுவான கிளாம்பேக் செவனின் பதிவு ஒன்றுகூட இல்லை. அவர் பெயர் பெரிதாகப் போட்டிருந்த ஒரு எல்.பி.யில் (ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் கொண்ட நீள்தட்டில்) அவர் வாசிக்கவே இல்லை. ஒரு பார்சல் முழுக்கத் துண்டுகளாக வந்து சேர்ந்தது. செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் திரும்பாது.

உங்களுக்கு அப்படி நடக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக, இரண்டாம் படி முடியும் வரை எதையும் வாங்காதீர்கள்.

1. எந்தக் காலம், எந்தக் குழு என்று முடிவு செய்யுங்கள்

டோர்சியின் பதிவுகளை நான் ஐந்து கூடைகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் கூடை, அண்ணன் ஜிம்மியோடு சேர்ந்து நடத்திய டோர்சி பிரதர்ஸ் குழு. இது 1935 நடுவில் உடைந்தது. இரண்டாவது, அதற்குப் பிறகு டாமி தனியாக நடத்திய பெரிய குழு. 1935 முதல் 1950 வரை இந்தக் குழு விக்டர் நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. பிறகு டெக்காவுக்குப் போனது. மூன்றாவது, அந்தப் பெரிய குழுவுக்குள்ளிருந்தே ஏழெட்டுப் பேரைத் தனியே எடுத்து வாசித்த கிளாம்பேக் செவன். நான்காவது, பாடகர் ஃபிராங்க் சினாட்ரா இந்தக் குழுவில் பாடிய காலம், 1940 தொடக்கம் முதல் 1942 செப்டம்பர் வரை. ஐந்தாவது, வானொலி ஒலிபரப்புகளும் போர்வீரர்களுக்காக அச்சிட்ட வி-டிஸ்க் தட்டுகளும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை: இரண்டாவது, மூன்றாவது கூடைகளை எடுத்துக்கொண்டு 1935 முதல் 1939 வரை மட்டும் நில்லுங்கள். பெரிய குழுவில் டோர்சி ஒரு மெல்லிசையை மூச்சு முறியாமல் இழுத்துச் செல்வதையும், சிறு குழுவில் அதே ஆட்கள் கட்டவிழ்ந்து விளையாடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்காதவர்களுக்கு டோர்சி பாதிதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

2. நாள்வாரிப் பட்டியல் எழுதுங்கள்

இதற்கு இரண்டு வார இறுதிகள் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே.

சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம், அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுகளின் விவரப்பட்டியல் ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் டாமி டோர்சி என்று தேடினால் பதிவு நாள், ஊர், மேட்ரிக்ஸ் எண் (ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் கொடுத்த அடையாள எண்), டேக் எண், வெளியான தட்டின் பட்டியல் எண் எல்லாம் வரும். விக்டரின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்த விவரங்கள் என்பதால் இதைத்தான் நான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். இசைத்தட்டு விவரங்களும் விற்பனையும் உள்ள டிஸ்காக்ஸ் தளம் இதற்கு அடுத்தபடி. எந்தப் பாட்டு எந்த எல்.பி.யில், எந்த சிடியில் மறுபடி வந்தது என்று பார்க்கவும், முன்பு என்ன விலைக்குப் போனது என்று பார்க்கவும் அது உதவும்.

நோட்டில் ஆறு பத்திகள் போடுங்கள்: பதிவு நாள், பாட்டு, பெரிய குழுவா சிறு குழுவா, மேட்ரிக்ஸ் எண்ணும் டேக்கும், முதல் வெளியீட்டு எண், என்னிடம் எதில் இருக்கிறது. கடைசிப் பத்தியைத் தொடக்கத்தில் காலியாக விடுங்கள்.

கைப்பழக்கத்துக்காக ஐந்து வரிகளை நானே தருகிறேன். 1935 அக்டோபர் 18, 'ஐம் கெட்டிங் சென்டிமென்டல் ஓவர் யூ', பெரிய குழு, விக்டர் 25236. இதுதான் அவருடைய அடையாள இசை. 1935 டிசம்பர் 9, 'தி மியூசிக் கோஸ் ரவுண்ட் அண்ட் அரவுண்ட்', கிளாம்பேக் செவன், விக்டர் 25201, பாடியவர் ஈடித் ரைட். 1937 ஜனவரி 29, 'மரீ', 'சாங் ஆஃப் இந்தியா' இரண்டும் ஒரே நாள், ஒரே தட்டின் இரு பக்கம், விக்டர் 25523. இரண்டிலும் பன்னி பெரிகனின் டிரம்பெட் தனி வாசிப்பு உண்டு. 1938 செப்டம்பர் 16, 'பூகி வூகி', விக்டர் 26054. 1940 மே 23, 'ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்', சினாட்ராவும் பைட் பைப்பர்ஸ் என்ற பாடகர் குழுவும் பாடியது, விக்டர் 26628.

மேட்ரிக்ஸ் எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். 1930களின் விக்டர் பதிவுகளில் அது 'பி.எஸ்.' என்று தொடங்கினால் 10 அங்குலத் தட்டு, 'சி.எஸ்.' என்று தொடங்கினால் 12 அங்குலத் தட்டு. முடிவில் ஒரு கோடு போட்டு வருகிற 1, 2 என்ற எண்தான் டேக். அதே பாட்டை அதே நாளில் எத்தனையாவது முறை வாசித்தார்கள் என்பதை அது சொல்லும். 1944க்குப் பிறகு 'டி4-வி.பி.' போன்ற எண்கள் வரும். அந்த 4, 1944ஐக் குறிக்கும். 'டி7' என்றால் 1947. தட்டில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. ஆனால் இந்த எண் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒரு இடைவெளியை மட்டும் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். இசைத்தட்டு நிறுவனங்களுக்கு யாரும் வாசிக்கக் கூடாது என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் விதித்த பதிவுத் தடை 1942 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. விக்டருக்கு அது 1944 நவம்பரில்தான் நீங்கியது. தடை நீங்கிய சில நாளிலேயே, நவம்பர் 14 அன்று, 'ஓபஸ் ஒன்' பதிவானது (விக்டர் 20-1608). ஆகவே "1943 ஸ்டூடியோ பதிவு" என்று யாராவது டோர்சி தட்டை விற்றால், அது வானொலி, வி-டிஸ்க், திரைப்பட ஒலித்தடம் இவற்றில் ஒன்றாகவோ, பழைய பதிவின் மறு அச்சாகவோதான் இருக்கும். இந்த ஒரு சோதனை என்னை மூன்று தவறான வாங்கல்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

3. எந்த வடிவில் வாங்குவது

ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பழகுவதில் தவறில்லை. ஆனால் அங்கே காட்டும் ஆண்டை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது தொகுப்பு வெளியான ஆண்டாக இருக்கும், பதிவான ஆண்டாக இருக்காது. இரைச்சலை நீக்குகிறோம் என்று டிராம்போனின் மேல் சுருதிகளையும் சேர்த்து வழித்துவிட்ட பிரதிகள் அங்கே நிறைய உண்டு. 'சென்டிமென்டல் ஓவர் யூ'வை இரண்டு மூன்று பிரதிகளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேறுபாடு உடனே காதில் விழும்.

முதல் பணச் செலவு சிடியாக இருக்கட்டும். டோர்சி பிறந்த நூற்றாண்டையொட்டி 2005இல் மூன்று சிடிகளில் ஒரு தொகுப்பு வந்தது. அது நல்ல நுழைவாயில். சினாட்ரா காலம் மட்டும் வேண்டுமென்றால், 1994இல் ஐந்து சிடிகளாக வந்த 'தி சாங் இஸ் யூ' தொகுப்பு ஒன்றே போதும். அதை வாங்கிய பிறகு, அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பத்துப் பத்தாகப் பொறுக்கிப் போட்ட மலிவுத் தொகுப்பு எதையும் வாங்காதீர்கள். எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

எல்.பி. என்றால் 1970களின் பிற்பகுதியிலிருந்து புளூபேர்ட் லேபிளில் 'தி கம்ப்ளீட் டாமி டோர்சி' என்று வந்த இரட்டைத் தட்டு வரிசையைத் தேடுங்கள். பதிவு நாள் வரிசைப்படி அடுக்கியிருப்பதால் உங்கள் நோட்டோடு அப்படியே பொருந்தும். பெரிய குழுவும் கிளாம்பேக் செவனும் நடந்த வரிசையிலேயே கலந்து வரும். பெயரில் 'முழுமை' இருந்தாலும் வரிசை 1930களின் இறுதியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இருக்கும் என்று நம்பித் தேடி நாளைக் கழிக்க வேண்டாம்.

78 தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளை, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஒலிக்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை உடையும், கனக்கும், தனி ஊசி கேட்கும்.

4. பெயரைப் பார்த்து வாங்குவதில் உள்ள பொறிகள்

டாமி டோர்சி 1956 நவம்பர் 26 அன்று காலமானார். அவர் பெயரிலான குழு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1958இல் பெரிதாக விற்ற 'டீ ஃபார் டூ சா சா' அந்தப் பெயரில்தான் வந்தது. அப்போது குழுவை நடத்தி டிராம்போன் வாசித்தவர் வாரன் காவிங்டன். தட்டு மோசம் என்று சொல்லவில்லை, அது டோர்சி இல்லை, அவ்வளவுதான். அட்டையில் "ஸ்டாரிங்", "டைரக்டட் பை" என்று இன்னொரு பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் தவறவிட்டது அந்த வரியைத்தான்.

ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் விலகுங்கள். டோர்சியின் விக்டர் பதிவுகள் அனைத்தும் மோனோ. பின்னாளில் அவற்றை மின்னணு முறையில் இரு காதுக்கும் பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கினார்கள். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஆர்.சி.ஏ. விக்டர் எல்.பி.களில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பட்டியல் எண்ணின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'இ' எழுத்து சின்னதாக இருக்கும். எண் 'எல்.பி.எம்.' என்று தொடங்கினால் அது மோனோ, தாராளமாக வாங்கலாம்.

ஜிம்மி டோர்சியும் டாமியும் வேறு வேறு. ஜிம்மி வாசித்தது சாக்ஸபோனும் கிளாரினெட்டும். விற்பவர்கள் 'டோர்சி' என்று மட்டும் போட்டிருந்தால் லேபிளின் படத்தைக் கேளுங்கள். 1930களின் பிற்பகுதியில் டெக்கா லேபிள் என்றால் அது ஜிம்மியாகத்தான் இருக்கும்.

1942 ஜனவரி 19 அன்று சினாட்ரா தன் சொந்தப் பெயரில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார். 'நைட் அண்ட் டே' அவற்றில் ஒன்று. அவர் அப்போது டோர்சி குழுவில் இருந்தாலும் அந்தப் பதிவுகள் டோர்சியுடையவை அல்ல. 'டோர்சி-சினாட்ரா' என்று தலைப்பிட்டு அவற்றையும் சேர்த்து விற்பவர்கள் உண்டு.

வானொலிப் பதிவுகள் ஸ்டூடியோ பதிவுகளின் பெயரிலேயே திரும்ப வரும். அவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை. கூட்டத்தின் முன் அந்தக் குழு வாசிக்கும் வேகமே வேறு. ஆனால் எது எது என்று தெரிந்து வாங்குங்கள். நோட்டில் வேறு நிற மையில் எழுதுங்கள்.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

தட்டின் தரத்தைக் குறிக்கும் எழுத்துகள் ஒரே முறையில் இல்லை. எல்.பி. விற்பவர்கள் பெரும்பாலும் கோல்ட்மைன் என்ற சேகரிப்பாளர் இதழின் முறையில் 'வி.ஜி.' (வெரி குட்), 'வி.ஜி. பிளஸ்' என்று எழுதுவார்கள். பழைய 78 வியாபாரிகள் 'இ', 'வி' என்ற வேறொரு முறையில் எழுதுவார்கள். ஒன்றின் 'வி'யை இன்னொன்றின் 'வி.ஜி.' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள்.

பிறகு மூன்று கேள்விகள்: இரு பக்க லேபிளின் படம் கிடைக்குமா, கண்ணால் பார்த்துத் தரம் சொன்னீர்களா அல்லது ஓட்டிக் கேட்டீர்களா, மயிரிழை விரிசல் உண்டா. மூன்றாவது கேள்வி 78க்கு மிக முக்கியம். விரிசல் படத்தில் தெரியாது. ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்கும். ஒரு நாளைக்குள் பதில் வராத விற்பனையாளரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

பார்சல் கட்டும் விதத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 78 தட்டுகளைக் கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, அதை ஒரு பெட்டியில் அசையாமல் அடைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பஞ்சோ கசக்கிய தாளோ விட்டு வைக்க வேண்டும். எல்.பி. உறையில் வைத்து அனுப்பிய 78 முழுதாக வந்து நான் பார்த்ததில்லை. எல்.பி. என்றால் தட்டை அட்டையுறைக்கு வெளியே எடுத்து, பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியில் குலுங்கி உறையின் ஓரம் கிழியும்.

6. செலவு, தபால், சுங்கம்

டோர்சியின் புகழ்பெற்ற 78கள் லட்சக்கணக்கில் விற்றவை. எனவே அமெரிக்காவில் அவை மலிவு. நான் வாங்கிய பெரும்பாலானவை தலா ஐந்து டாலருக்கு உட்பட்டவை. செலவெல்லாம் தபாலில்தான். 10 அங்குல அரக்குத் தட்டு ஒன்று கால் கிலோவை நெருங்கும். பத்துத் தட்டும் இரட்டைப் பெட்டியும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். ஒரு தட்டை மட்டும் வரவழைப்பது வீண். ஒரே விற்பனையாளரிடம் எட்டோ பத்தோ சேர்ந்த பிறகு ஒரே பார்சலாக வாங்குங்கள்.

விற்பனைப் பக்கத்தில் தெரியும் 'மீடியா மெயில்' (புத்தகம், இசைத்தட்டு போன்றவற்றுக்கான அமெரிக்க மலிவுத் தபால்) கட்டணத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். அது அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும். அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கப்பல் தபால் 2007இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது விமானத் தபாலும் கூரியரும்தான். அமெரிக்காவில் உறவினர் இருந்தால், மீடியா மெயிலில் அவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அவர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் செய்வதுதான் ஆகக் குறைந்த செலவு. சிடியும் எல்.பி.யும் பெட்டியில் வரலாம். 78 கட்டாயம் கைப்பையில் வர வேண்டும்.

தபாலில் வந்தால் கால அளவு சொல்ல முடியாது. எனக்கு மிக வேகமாக வந்தது பன்னிரண்டு நாளில், மிகத் தாமதம் பத்து வாரம். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு எத்தனை நாள் என்பதை வாங்கும் முன்பே பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். பார்சல் வரும் முன்பே கெடு முடிந்துபோவது பெரிய பொறி.

கையில் தயாராக இருக்க வேண்டிய ஆவணங்கள்: விலைப்பட்டியல், பணம் செலுத்திய ரசீது, கண்காணிப்பு எண், விற்பவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் அச்சு நகல். இந்தியாவுக்குக் கூரியரில் வந்தால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பார்சலில் உள்ள பெயர் சான்றில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். என் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்ததால் ஒன்பது நாள் பார்சல் நின்றது.

சுங்க அறிவிப்புப் படிவத்தை அனுப்புகிறவர்தான் நிரப்புவார். அதில் 'பழைய இசைத்தட்டுகள்' என்றும் உண்மையான விலையும் எழுதச் சொல்லுங்கள். 'பரிசு' என்று போடட்டுமா என்று சிலர் தாமாகவே கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அது பொய் அறிவிப்பு. தட்டு உடைந்தால் இழப்பீடு கேட்கவும் வழி இருக்காது. வரி விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் உங்கள் நாட்டுச் சுங்கத் துறைத் தளத்தில் பாருங்கள். தட்டின் விலை, தபால் இரண்டையும் கூட்டி, அதில் பாதியைத் தனியே எடுத்து வைக்காமல் நான் ஆர்டர் கொடுப்பதில்லை. மிஞ்சினால் அடுத்த பார்சலுக்கு ஆகும்.

7. பார்சல் வந்த அன்று

திறப்பதற்கு முன்பே வெளிப்பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு திறப்பதை இடைவெளி விடாமல் காணொளியாக எடுங்கள். எனக்கு உடைந்து வந்த பார்சலில் தட்டுகளின் படம் இருந்தது, கட்டியிருந்த விதத்தின் படம் இல்லை. "நாங்கள் சரியாகத்தான் கட்டினோம்" என்று விற்றவர் சொல்லிவிட்டார். ஏழு தட்டுகள் போயின. அவற்றில் மூன்று கிளாம்பேக் செவன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

குளிர்நாட்டிலிருந்து வந்த தட்டுகளை உடனே ஓட்டாதீர்கள். ஒரு நாள் அறை வெப்பத்தில் நிறுத்தி வையுங்கள், படுக்கவைக்க வேண்டாம்.

8. ஓட்டும் முன்

78 அரக்குத் தட்டைச் சாராயம் (ஆல்கஹால்) கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். எல்.பி.க்கென்று விற்கும் பல திரவங்களில் அது உண்டு. அரக்கு கரைந்து தட்டு பாழாகிவிடும். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். லேபிள் நனையக் கூடாது.

எல்.பி. ஊசியை 78இல் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை உள்ள ஊசி வேண்டும், எல்.பி.க்கு ஒரு மில்லுக்கும் குறைவு. உங்கள் பிளேயரின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்பதைப் பிளேயர் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வி-டிஸ்க் விதிவிலக்காகப் பெரும்பாலும் வினைலால் ஆனது. 78 வேகத்திலேயே ஓடும், ஆனால் பழைய கிராமபோனின் எஃகு ஊசியை அதில் வைத்தால் ஒரே தடவையில் உழுதுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் முதலில் 25523ஐப் போடுங்கள். 'சாங் ஆஃப் இந்தியா' பக்கம் முடிந்ததும் திருப்பி 'மரீ'. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். பிறகு கிளாம்பேக் செவன் ஒன்று. கேட்டு முடித்ததும் நோட்டை எடுத்து, மையப் பகுதியில் பொறித்திருக்கும் டேக் எண்ணைப் பார்த்து, காலியாக விட்ட கடைசிப் பத்தியில் எழுதிவிடுங்கள்.